கையெழுத்திட்ட போர்விமான பிரிண்ட்கள்: மலைநாட்டிலிருந்து வாங்குவதும் ஈரலிப்பிலிருந்து காப்பதும்

ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், மெஸ்ஸர்ஷ்மிட் போன்ற இரண்டாம் உலகப் போர் விமானங்களின் சண்டை ஓவியங்களை அச்சிட்டு, அவற்றை ஓட்டிய விமானிகளே கையெழுத்திட்ட பிரிண்ட்களைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு வரும் அறிவுரை பெரும்பாலும் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருப்பவர்கள் எழுதியது. அவர்களுக்கு இலங்கைச் சுங்கம் இல்லை, தோட்ட முகவரி இல்லை, ஜூன் மாதத்துப் பனிமூட்டமும் இல்லை. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ இருந்து தொடங்குபவர் எந்த வரிசையில் போக வேண்டும், காசு எங்கே கரையும், கடதாசி எங்கே கெடும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

1. எதற்குக் காசு கொடுக்கிறீர்கள்?

படத்துக்கு அல்ல. இந்தப் பிரிண்ட்களில் அதிகமானவை ஓவியத்தைப் புகைப்படமெடுத்து ஆஃப்செட் என்ற இயந்திர முறையில் அச்சிட்டவை. அதே படத்தைப் போஸ்டராகவும் நாட்காட்டியாகவும் மலிவாக வாங்கலாம். உங்கள் காசு போவது படத்துக்குக் கீழே இருக்கும் அந்த வெள்ளை விளிம்புக்குத்தான். ஓவியரின் பென்சில் கையெழுத்து, பிரதி எண், விமானிகளின் கையெழுத்து எல்லாம் அந்த இரண்டு மூன்று அங்குலத்தில்தான் இருக்கின்றன. அந்த விளிம்பு வெட்டப்பட்டாலோ, பழுப்பேறினாலோ, நனைந்தாலோ, மேலே இருப்பது எவ்வளவு அழகான படமானாலும் கையில் மிஞ்சுவது ஒரு போஸ்டர்தான்.

விற்பனைப் பட்டியலில் வரும் சொற்கள்:

லிமிடெட் எடிஷன்: இத்தனை பிரதிதான் என்று அறிவித்து எண்ணிட்டது. 123/850 என்றால் 850 பிரதிகளில் 123ஆவது. எண் சிறியதாக இருந்தால் மதிப்பு கூடும் என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். ஆஃப்செட் அச்சில் முதல் பிரதிக்கும் கடைசிப் பிரதிக்கும் வித்தியாசம் கிடையாது. அதற்காக ஒரு பவுண்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

ஆர்டிஸ்ட் ப்ரூஃப்: ஏ.பி. என்று எழுதித் தனியாக எண்ணிட்டிருக்கும். எண்ணிக்கை குறைவு. பல வெளியீட்டாளர்கள் இந்தப் பிரதிகளில் கூடுதலாக ஒன்றிரண்டு விமானிகளிடம் கையெழுத்து வாங்குவார்கள். அப்படி இருந்தால் கூடுதல் விலைக்கு நியாயம் உண்டு. வெறும் ஏ.பி. என்ற இரண்டு எழுத்துக்கு இல்லை.

ரிமார்க்: விளிம்பில் ஓவியர் தன் கையால் வரைந்த சிறிய பென்சில் படம். இது மட்டும்தான் அந்தத் தாளில் உண்மையான ஓவியம். விலையும் அப்படியே.

ஜிக்ளே: நல்ல மையில் எடுத்த இன்க்ஜெட் அச்சு. நிறம் நீடிக்கும், ஆனால் மேற்பரப்பு எளிதில் உராயும். விரல் பட்டால் தடம் விழும்.

கவுன்டர்சைன்ட்: வெளியான பிறகு வேறொருவர் சேர்த்த கையெழுத்து. பிரிண்டோடு வரும் அசல் சான்றிதழில் அந்தப் பெயர் இருக்காது, அதனால் அதற்குத் தனிச் சான்று கேட்க வேண்டும்.

2. தலைப்பை முதலில் முடிவு செய்யுங்கள்

ஓவியரைப் பிடித்துச் சேர்ப்பவர் உண்டு (ராபர்ட் டெய்லர், நிக்கலஸ் ட்ரட்ஜன், ஜெரால்ட் கோல்சன் போன்றோர்). விமானத்தைப் பிடித்துச் சேர்ப்பவரும், சண்டைக் களத்தைப் பிடிப்பவரும் உண்டு. இலங்கைத் தொடர்பு வேண்டுமென்றால் ஜப்பானிய விமானங்கள் தாக்கிய நாட்களான 1942 ஏப்ரல் 5 கொழும்பு, ஏப்ரல் 9 திருகோணமலை என்று தேடுங்கள். இரத்மலானையிலிருந்தும் கொழும்பு குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் எழும்பிய ஹரிக்கேன்கள், கொக்கலையிலிருந்து போன கட்டலினா ரோந்து விமானம் ஆகியவைதான் தேடுசொற்கள். ‘சிலோன்’ என்றே தேட வேண்டும், பழைய பட்டியல்களில் ‘ஸ்ரீலங்கா’ என்ற பெயர் அகப்படாது. எதுவானாலும் முதல் வருடம் மூன்று பிரிண்டுக்கு மேல் வேண்டாம். சட்டம் (ஃபிரேம்) போடும் செலவும் வைக்கும் இடமும் அதற்குள் உங்களுக்கே புரிந்துவிடும்.

3. கையெழுத்தைச் சோதிப்பது

கருவி ஒன்றே போதும்: பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பது. அதோடு ஒரு டார்ச்.

படத்துக்குள் ஒரு மூலையில் ஓவியரின் பெயர் இருக்கும். அது ஓவியத்தோடு சேர்ந்து அச்சானது, போஸ்டரிலும் இருக்கும். சில விற்பனையாளர்கள் அதைக் காட்டியே ‘சைன்ட்’ என்று போடுகிறார்கள். தேட வேண்டியது படத்துக்கு வெளியே, வெள்ளை விளிம்பில். லூப்பில் பார்த்தால் அச்சான கையெழுத்து சிறு புள்ளிகளாக உடையும், அல்லது ஒரே சீரான கறுப்பாகத் தெரியும். பென்சில் கோடு கடதாசியின் மேடுகளில் மட்டும் பட்டு, பள்ளங்களில் விட்டுவிட்டு ஓடும். டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் கிராஃபைட் ஈயம்போல மினுங்கும், அழுத்தி எழுதிய இடத்தில் லேசான பள்ளமும் நிழல் காட்டும். இந்த மினுக்கம் அச்சில் வராது.

அடுத்தது நாட்காட்டிச் சோதனை. காசு செலவில்லாத, ஆனால் அதிகம் பேர் செய்யாத சோதனை. பிரிண்ட் வெளியான வருடத்தையும் விமானி காலமான வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

டக்ளஸ் பேடர் – 1982
ராபர்ட் ஸ்டான்ஃபோர்ட் டக் – 1987
எரிக் ஹார்ட்மன் – 1993
அடோல்ஃப் காலண்ட் – 1996
சபுரோ சகாய் – 2000
ஜோனி ஜோன்சன் – 2001
லெனர்ட் பேர்ச்சல் (இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு சொன்ன கட்டலினா விமானி) – 2004
குந்தர் ரால் – 2009

1990இல் வெளியான பிரிண்டின் விளிம்பில் பேடரின் பென்சில் கையெழுத்து இருந்தால் ஏதோ சரியில்லை. நேர்மையான விளக்கம் இரண்டு உண்டு. ஒன்று, விமானி உயிரோடு இருந்தபோது வெற்றுத் தாள்களில் கையெழுத்து வாங்கி வைத்து, பிறகு படத்தை அச்சிட்டிருக்கலாம். மற்றது, வேறொரு சீட்டில் இருந்த கையெழுத்தை வெட்டி, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையில் சிறு ஜன்னல் விட்டு, படத்தோடு சேர்த்துச் சட்டம் போட்டிருக்கலாம். இரண்டும் மோசடி அல்ல, ஆனால் இரண்டும் சான்றிதழில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் விலகிவிடுங்கள். 1940 பிரிட்டன் வான்சண்டையில் பறந்தவர்களில் கடைசியாக உயிரோடிருந்த ஜோன் ஹெமிங்வே 2025 மார்ச்சில் காலமானார். அதன்பின் ‘புதிதாகக் கையெழுத்திட்ட’ என்று வரும் எந்த பிரிட்டன் வான்சண்டைப் பிரிண்டையும் இந்தக் கேள்வியோடுதான் பார்க்க வேண்டும்.

சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியீட்டாளர் அச்சிட்டுத் தந்த, பிரதி எண்ணும் கையெழுத்திட்டவர் பெயர்களும் குறித்த சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. விற்பவர் தன் கணினியில் தட்டி எடுத்த ‘உத்தரவாதப் பத்திரம்’ அவருடைய வாய்வார்த்தை மட்டுமே. தாளில் உள்ள எண்ணும் சான்றிதழ் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.

4. விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்

பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்: முழுத் தாளும் தெரியும் படம் (விளிம்பு நான்கும் உட்பட), நான்கு மூலைகள், ஒவ்வொரு கையெழுத்தும் பக்க வெளிச்சத்தில், பிரதி எண், தாளின் பின்பக்கம், சான்றிதழ். அனுப்ப மறுப்பவரிடம் விலை பேசுவதில் பயனில்லை.

படங்களில் தேட வேண்டிய குறைகளில் ஒன்று பிறைத் தழும்பு. பெரிய தாளை ஒரு கையால் தூக்கும்போது நகப்பிறை அளவில் விழும் மடிப்பு அது, போகவே போகாது. துருநிறப் புள்ளிகள் தெரிந்தால் தாள் ஏற்கெனவே ஈரலிப்பில் இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட தாளை மலைக்குக் கொண்டுவருவது நோயாளியை மழையில் நிறுத்துவதுதான். படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு இருந்தால் மலிவான மவுண்ட் அட்டையின் அமிலம் இறங்கியிருக்கிறது. நிறம் வெளிறியிருந்தால் முதலில் போவது சிவப்பும் மஞ்சளும். மாலை வானம் வரைந்த படம் நீலப்பச்சையாகத் தெரிந்தால் அது பல வருடம் வெயிலில் தொங்கியது.

சட்டம் போட்டதை விற்றால், கழற்றித் தாளை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். அவர் மாட்டேன் என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தாளைப் பின் அட்டையில் ஒட்டியிருப்பார்கள்.

5. காசுக் கணக்கு

அறிவித்த விலையை மட்டும் பார்த்துத் துள்ளாதீர்கள். உதாரணத்துக்குப் பிரிண்ட் 120 ஸ்டெர்லிங் பவுண், அனுப்பும் செலவு 40 பவுண் என்று வையுங்கள். சுங்கம் கணக்கெடுப்பது 160 பவுணுக்கு. வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். 160இன் மேல் அதுவே 28.80 பவுண். ஆனால் வற் வரி மற்ற இறக்குமதி வரிகளையும் சேர்த்த தொகையின் மேல் விழுவதால் உண்மையில் அதைவிடக் கூடும். அதற்குமேல் வங்கி அட்டையின் நாணய மாற்று வித்தியாசம், கூரியர் என்றால் அவர்களின் கையாளும் கட்டணம், கடைசியில் சட்டம். ஒழுங்காகச் சட்டம் போடும் செலவு பல நேரம் பிரிண்டின் விலையையே எட்டும். கையில் இருக்கும் காசில் பாதிக்கு மேல் பிரிண்டுக்குக் கொடுக்காதீர்கள்.

முதலீடு என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள். வெளியீட்டு விலையைவிடக் குறைவாக மறுவிற்பனையாகும் பிரிண்ட்கள் ஏராளம். அதனாலேயே புதிதாக வெளியாவதைவிடப் பழைய பிரதிகளை வாங்குவது இங்கே இலாபம்.

6. பொதியும் சுங்கமும்

61க்கு 86 சென்ரிமீட்டர் தாளைக் குறுகிய பக்கம் குழாயின் நீளமாக வரும்படி சுருட்டினால் 70 சென்ரிமீட்டர் குழாய் போதும். குழாயின் விட்டம் 10 சென்ரிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஒடுக்கமான குழாயில் வந்த தாள் வாரக்கணக்கில் நிமிராது. சர்வதேசக் கடிதத் தபாலில் உருளைப் பொதிக்கு அளவு உண்டு: நீளமும் விட்டத்தின் இரு மடங்கும் சேர்ந்து 104 சென்ரிமீட்டருக்குள், நீளம் மட்டும் 90க்குள், எடை 2 கிலோவுக்குள். மேலே சொன்ன குழாய் வெளிவிட்டம் 11 என்றாலும் 92தான் வரும், தாராளமாக அடங்கும். அதைவிடப் பெரிய தாள் என்றால் பார்சல் அல்லது கூரியர்.

விற்பவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டியது: அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, பொலித்தீன் உறையில் இட்டு ஒட்டி, தடித்த சுவருள்ள குழாயில் வைக்கவும், இரு முனையிலும் நான்கு சென்ரிமீட்டர் காலி விட்டு அங்கே கடதாசி திணிக்கவும். மூடி கழன்று தாளின் முனை நசுங்குவதுதான் அடிக்கடி நடக்கும் சேதம்.

சுங்க விவரச் சீட்டில் என்ன எழுதுகிறார் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ‘ஒரிஜினல் ஆர்ட்’ என்று பெருமையாக எழுதிவிட்டால் உங்களுக்குத்தான் வில்லங்கம். சுங்கக் குறியீடு 9702 ஓவியர் தன் கையாலேயே செய்த தகட்டிலிருந்து நேரடியாக எடுத்த அச்சுகளுக்கு உரியது, இயந்திர அச்சுக்கும் புகைப்பட அச்சுக்கும் பொருந்தாது. ஆஃப்செட் பிரிண்ட் வருவது 4911.91இல், அச்சிட்ட படங்கள் என்ற வகையில். ‘அச்சிட்ட படம், கடதாசி, ஒன்று’ என்றும் உண்மையான விலையும் எழுதச் சொல்லுங்கள். விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்பவரின் உதவியை வாங்காதீர்கள். அதிகாரி இணையத்தில் பெயரைத் தட்டினால் விலை வந்துவிடும், பொதி தொலைந்தால் நட்டஈடும் அந்தக் குறைத்த விலைக்குத்தான்.

கையில் தயாராக வைக்க வேண்டியவை: விலைப்பட்டியல், அட்டையில் பணம் கட்டியதற்கான வங்கிப் பதிவு, விற்பனைப் பக்கத்தின் அச்சுப் பிரதி, தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும், பொதி வந்ததென்று தபாலகம் அனுப்பும் அறிவித்தல் அட்டை. எங்கே வர வேண்டும் என்று அறிவித்தல் அட்டையில் இருக்கும். கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகம் என்றிருந்தால், கொழும்பில் இருக்கும் உறவினரை அனுப்புவது ஒரு நாள் பயணத்தை மிச்சப்படுத்தும். அவருக்கு உங்கள் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் இருவரின் அடையாள அட்டைப் பிரதிகளும் வேண்டும். சுங்க அதிகாரி முன் குழாயைத் திறக்கும்போது தாளை வெளியே இழுக்கவிடாமல், உறையோடு முனையைக் காட்டச் சொல்லிவையுங்கள்.

முகவரி இங்கே தனிப் பிரச்சினை. லயத்து வீடுகளுக்குத் தனி இலக்கம் இல்லாத தோட்டங்களில் தபால் தோட்டக் கந்தோருக்குப் போய்ச் சேரும். அறிவித்தல் அட்டை அங்கே பிந்தினால் பொதி திரும்பிப் போகலாம். குழாயே வந்தால் மூலையில் ஈரச் சாக்கோடு சாய்ந்து நிற்கும். டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவரின் முகவரியையோ வேலையிடத்து முகவரியையோ கொடுங்கள், தொலைபேசி இலக்கத்தைக் குழாயின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். பஸ்ஸில் கொண்டுவரும்போது மேல்தட்டில் போடாதீர்கள். அங்கே மரக்கறி மூட்டை ஏறும். கால்களுக்கிடையில் நிமிர்த்திப் பிடிப்பதே பாதுகாப்பு.

காலம்: விற்பவர் பொதியிடுவது முதல் கையில் கிடைப்பது வரை ஆறு வாரம் ஒதுக்குங்கள். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இருப்பவர்கள் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வந்து சேரும்படி டிசம்பரில் கட்டளையிடுவது நல்லது. ஊவாப் பக்கம், பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை என்றால் கணக்கு தலைகீழ். அங்கே ஜூன் முதல் செப்டெம்பர் வரைதான் காய்ந்த காலம்.

7. குழாயைத் திறப்பது

உறை ஒட்டியபடியே வந்திருந்தால், அறைக் குளிருக்குப் பழக ஒரு நாள் அப்படியே விட்டுத் திறக்கலாம். கொழும்பில் உறையைக் கிழித்துப் பார்த்திருந்தால் அப்படி விடக்கூடாது. கொழும்பின் சூடான ஈரக் காற்று உள்ளே அடைபட்டு, நுவரெலியாக் குளிரில் நீராகி, தாள் அதை உறிஞ்சும். வந்த அன்றே காய்ந்த அறையில் திறந்துவிடுங்கள்.

கையைக் கழுவி நன்றாகத் துடைத்து, எதிரெதிர் மூலைகளை இரு கையாலும் பிடித்து, சுத்தமான மேசையில் படம் மேலே தெரிய விரியுங்கள். எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்தாதீர்கள், மடிப்பு விழும். மேலே அமிலமற்ற தாள், அதன்மேல் சமமான பலகை, அதன்மேல் புத்தகங்கள். மூன்று நாள் முதல் ஒரு வாரம். இஸ்திரிப் பெட்டியை நினைத்தும் பார்க்காதீர்கள்.

8. சட்டம் போடுவது

சேகரிப்பவர்கள் அதிகமாக இழப்பது இங்கேதான். டவுன்களில் கல்யாணப் படத்துக்கும் சாமிப் படத்துக்கும் சட்டம் போடும் கடைக்காரர் கைவேலையில் குறையில்லாதவர். ஆனால் அவர் பழக்கம், படத்தைப் பசை தடவி ஹார்ட்போர்டில் ஒட்டி, கண்ணாடியை மேலே அழுத்தி, பின்னால் பழுப்பு டேப் ஒட்டுவது. அந்த மூன்றும் பிரிண்டுக்கு ஆகாது. சட்டத்துக்கு அடங்கவில்லையென்று விளிம்பை வெட்டவும் கூடும், அதனால் முதல் வார்த்தையாக ‘ஒரு நூல்கூட வெட்டக்கூடாது’ என்று சொல்லி, பற்றுச்சீட்டிலும் எழுதி வாங்குங்கள்.

கேட்க வேண்டியது இதுதான். தாள் பின் அட்டையில் மேல் இரு மூலைகளில் மட்டும், மெல்லிய ஜப்பானியக் கடதாசிக் கீலால், கோதுமை மாப்பசையில் தொங்க வேண்டும். ஈரலிப்பில் கடதாசி விரியும், வெயிலில் சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டினால் அலை விழும். முன் மவுண்டும் பின் அட்டையும் அமிலமற்றதாக இருக்க வேண்டும். உள்ளூரில் கிடைக்காவிட்டால் கொழும்பில் ஓவியப் பொருட்கள் விற்கும் கடையில் நீங்களே வாங்கிக் கொடுங்கள். மவுண்ட் ஜன்னல் கையெழுத்து முழுவதும் தெரியும்படி கீழே இறங்க வேண்டும். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. தொட்டால் குளிர்ந்த இரவில் கண்ணாடியில் படியும் நீர் நேரே தாளுக்கு இறங்கும், மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பென்சில் நிறம் மங்காது, ஆனால் மைப்பேனாவால் இட்ட கையெழுத்து வெளிச்சத்தில் வெளிறிவிடும். அப்படியானதற்கு புறஊதாக்கதிர் வடிகட்டும் கண்ணாடிதான் வேண்டும். அக்ரிலிக் தகடு மலைப்பாதைக் குலுக்கலில் உடையாது, இலேசானது. ஆனால் நிலைமின்னால் தூசியையும் பென்சில் துகளையும் இழுக்கும், ரிமார்க் உள்ள பிரிண்டுக்குக் கண்ணாடியே பாருங்கள்.

சான்றிதழைச் சட்டத்தின் பின்னால் ஒட்டாதீர்கள். லாமினேட் செய்யவும் கூடாது. பிறப்புச் சான்றிதழ் முதல் எல்லாவற்றையும் லாமினேட் செய்யும் பழக்கம் நமக்கு உண்டு. அது திரும்பப் பிரிக்க முடியாதது, மறுவிற்பனையில் சான்றிதழின் மதிப்பும் அதோடு போகும். பொலிப்ரொப்பிலீன் உறையில் இட்டு, விலைப்பட்டியல், சுங்கப் பற்றுச்சீட்டு, கையெழுத்துகளின் படங்களோடு ஒரே கோப்பில் தனியாக வையுங்கள்.

9. எங்கே மாட்டுவது, மழையில் என்ன செய்வது

பழைய பங்களாக் கற்சுவர் ஆகட்டும், லயத்துச் சுவர் ஆகட்டும், வெளிப்புறம் பார்த்த சுவரில் மாட்டக்கூடாது. இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர்தான் காய்ந்தது. கணப்படுப்புக்கு மேலே, சமையலறைப் புகை வரும் வழியில், ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். சட்டத்தின் கீழ் இரு மூலைகளிலும் பின்னால் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள்.

ஒரு டிஜிட்டல் ஈரமானி வாங்கி அந்தச் சுவரில் தொங்கவிடுங்கள். 45 முதல் 55 சதவீதம் நல்லது. 65ஐத் தாண்டித் தொடர்ந்து நின்றால் பங்கசு பிடிக்கும். தென்மேற்குப் பருவத்தில் மேற்குச் சரிவில் அந்த அளவைத் தாண்டாத வீடு அரிது. அதனால் மே கடைசியில் பிரிண்டுகளை இறக்கி, அமிலமற்ற தாள் உறைகளில் படுக்கையாக, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிடுவதே நல்லது. நிறம் மாறியதும் ஜெல்லை 120 பாகை செல்சியஸில் ஓவனில் இரண்டு மணிநேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். இரும்பு அலுமாரி பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் இரவில் அதன் தகடு வியர்க்கும். வேப்பிலை போடுவது சேலைக்குச் சரி, பிரிண்டுக்கு வேண்டாம். இலையின் ஈரமும் கறையும் தாளில் இறங்கும். பூச்சி உருண்டையும் இந்தப் பெட்டிக்குள் வேண்டாம். வெள்ளிமீனுக்கும் கறையானுக்கும் எதிரான வழி பெட்டியைத் தரையில் வைக்காமல், சுவரைத் தொடாமல், மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதுதான்.

தாளில் சாம்பல் பூத்ததுபோல் பங்கசு தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். பூ தூளாகும் வரை தொட வேண்டாம். பிறகு முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். கீழ் விளிம்பில் கையெழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் தூரிகை வைக்காதீர்கள். பென்சிலும் பூவோடு சேர்ந்து வந்துவிடும்.